பிக்கப்பில் புது அலாய் வீல் போட்ட பிறகு ஸ்டீயரிங் நடுக்கம், இரண்டு நட் தளர்ந்தும் இருந்தது

மண்தடம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். கம்பெனி வீல் 17 அங்குலம், அகலம் 7.5, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்) +30, டயர் 265/65 ஆர்17. மூன்று வாரம் முன்பு வெளியில் வாங்கிய அலாய் வீலுக்கு மாறினேன்: 17 அங்குலம், அகலம் 8, ஆஃப்செட் +10. டயரையும் 265/70 ஆர்17 ஆக மாற்றிவிட்டேன். ஆறு ஓட்டை, 139.7 பி.சி.டி. (நட் ஓட்டைகளின் நடு வழியே போகும் வட்டத்தின் விட்டம்). அது சரியாகப் பொருந்துகிறது.

பிரச்சினை மூன்று. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன்பக்கம் டயர் எதிலோ உரசும் சத்தம். மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது: நேற்று எதற்கும் பார்ப்போம் என்று ஸ்பேனர் வைத்தால், முன் இடது வீலில் இரண்டு நட் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. போட்டதிலிருந்து ஓடியது 300 கிலோமீட்டர்தான். நன்றாக இறுக்கிவிட்டேன். அது போதுமா?

பழையபட்டறை

தம்பி, போதாது. முதலில் வண்டியை நிறுத்துங்கள். 300 கிலோமீட்டரில் இரண்டு நட் தளர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இறுக்கினால் மறுபடியும் தளரும், அடுத்த முறை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இப்போது போட்டிருப்பது எந்த நட்? கம்பெனி நட்டா, வீலோடு புதிதாகக் கொடுத்ததா? வீலில் நட் உட்காரும் இடம் தட்டையாக இருக்கிறதா, புனல் மாதிரிச் சரிவாக இருக்கிறதா? வீலின் பின்பக்கம் நடு ஓட்டையின் விட்டம் எவ்வளவு? ஸ்கேல் வேண்டாம், வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள்.

மண்தடம்

அண்ணா, நட் கம்பெனி நட்தான். பொருத்தியவர் "இதே போதும், மரை ஒன்றுதான்" என்றார். ஒவ்வொரு நட்டிலும் ஒரு வாஷர் சுழல்கிறது, அதற்குக் கீழே உருளை மாதிரி ஒரு தண்டு இருக்கிறது. வீலில் ஓட்டை புனல் மாதிரிச் சரிவாக இருக்கிறது. நடு ஓட்டை 110 மில்லிமீட்டர்.

பழையபட்டறை

உங்கள் மூன்று பிரச்சினையில் இரண்டுக்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. இதே தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீல் நட்டில் பொதுவாக மூன்று வகை உண்டு. 60 டிகிரி கூம்பு, பந்து போன்ற வளைவு, வாஷரோடு வரும் தட்டை. மரை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். உங்கள் வண்டியில் எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்), 1.5 பிட்ச் (மரைகளின் இடைவெளி, மில்லிமீட்டரில்). அதனால் எந்த நட்டும் ஸ்டடில் (வீலைப் பிடிக்க வண்டியிலிருந்து நீட்டும் மரை போட்ட ஆணி) ஏறிவிடும், இறுகவும் செய்யும். ஏமாற்றுவது அதுதான். நட் ஸ்டடில் ஏறுவது வேறு, வீலில் உட்காருவது வேறு.

டொயோட்டா தன் பிக்கப் அலாய் வீல்களுக்குக் கொடுப்பது தட்டை வகை. தண்டு ஓட்டைக்குள் இறங்கும், வாஷர் வீலின் தட்டையான முகத்தில் முழுதாகப் படியும். வெளியில் வாங்கும் வீல்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கை. அதில் உங்கள் கம்பெனி நட்டைப் போட்டால் வாஷர் படியத் தட்டையான இடமே இல்லை. தண்டின் முனையோ வாஷரின் விளிம்போ, சரிவில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் படும். ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரியும். ஆனால் எல்லா அழுத்தமும் அந்த நூல் போன்ற கோட்டில் விழுகிறது. அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கும். அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நசுங்கினாலே ஸ்டடின் இழுவிசை போய்விடும், நட் தளரும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்டட் அல்ல. நட் இறுகும்போது ஸ்டட் ரப்பர் மாதிரிக் கொஞ்சம் நீள்கிறது, அந்த இழுவிசை வீலை ஹப்போடு (வீல் மாட்டும் சுழலும் பாகம்) அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு முகத்துக்கும் நடுவே வரும் உராய்வுதான் எடையையும் பிரேக் விசையையும் தாங்குகிறது. இழுவிசை குறைந்தால் வீல் ஹப்பின் மேல் நுணுக்கமாக நகர ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். ஸ்டட் உடைவது அப்படித்தான்.

நடுக்கத்துக்கு வருவோம். ஹைலக்ஸ் ஹப்பின் நடு மேடு 106.1 மில்லிமீட்டர். உங்கள் வீலின் ஓட்டை 110. வித்தியாசம் 3.9, அதாவது ஒரு பக்கம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் இடைவெளி. கூம்பு நட் இருந்தால் அது வீலை நடுவுக்குத் தள்ளும். உங்களிடம் அதுவும் இல்லை. வீலை மாட்டும்போது அது தன் எடையால் கீழே இறங்கி ஹப் மேட்டில் தொங்கியிருக்கும், அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டார்கள். பேலன்சிங் மெஷினில் வீல் நடுவில் சுற்றுகிறது, வண்டியில் நடு தவறிச் சுற்றுகிறது. நீங்கள் இருபது முறை பேலன்ஸ் செய்தாலும் அது போகாது.

நெடுவழி

பழையபட்டறை ஐயா சொல்லும் நட் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் உடனே ஹப் ரிங் (ஹப் மேட்டுக்கும் வீலின் நடு ஓட்டைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்க ஓட வேண்டாம். என் வண்டியில் நடு ஓட்டை பெரியதுதான், ரிங் இல்லை, சரியான கூம்பு நட் போட்டுப் பல வருடம் ஓட்டுகிறேன். துளி நடுக்கம் கிடையாது. பிக்கப்புக்கான வெளி வீல்கள் நிறைய, நட்டால் நடுப்படுத்தும் வகையாகவே செய்யப்படுகின்றன. காரணம் எளிது. அதே ஆறு ஓட்டை, 139.7 பி.சி.டி. இருக்கும் ஃபோர்டு ரேஞ்சரில் ஹப் மேடு 93.1, மிட்சுபிஷி டிரைட்டனில் 67.1. எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாக விடுகிறார்கள். ரிங் எடையைத் தாங்கும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், அது தவறு.

பழையபட்டறை

நெடுவழி சொல்வது சரி, ரிங் எடையைத் தாங்காது. நட் இறுகிய பிறகு அதற்கு வேலையே இல்லை. அதன் வேலை இறுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்: வீல் தொங்காமல் நடுவில் நிற்க வைப்பது. கவனமாகக் கூம்பு நட்டைக் கையால் எல்லாம் திருகி, வீலை ஆட்டி ஆட்டி உட்கார வைத்து, பிறகு எதிரெதிராக இறுக்குபவருக்கு ரிங் இல்லாமலும் சரியாக வரும். ஆனால் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? வழியில் பஞ்சர் ஆகி இருட்டில் மாட்டும்போது ரிங் இருந்தால் தவறு நடக்காது. அதனால் நான் போடச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கை விட அலுமினிய ரிங் பிரேக் சூட்டைத் தாங்கும். ஹப் மேட்டில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் பிறகு கழற்றும்போது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.

ஆறுநட்டு

நட் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. நான் வழக்கமாக இம்பாக்ட் கன்னில் இரண்டு தட்டு தட்டிவிடுவேன். மரையில் ஒரு சொட்டு எண்ணெயும் விடுவேன், துருப்பிடிக்காமல் இருக்க.

பழையபட்டறை

அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள் தம்பி. கையேட்டில் போட்டிருக்கும் முறுக்கு விசை உலர்ந்த, சுத்தமான மரைக்கு. நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி நட்டின் இருக்கையிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டடை இழுக்கிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், அதே முறுக்குக்கு ஸ்டட் மிக அதிகமாக நீளும். அளவு தாண்டி நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது.

அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஃபோர்டு எஃப்-150-க்கு 204 நியூட்டன் மீட்டர், செவ்ரோலே சில்வராடோ 1500-க்கு 190. இரண்டும் 14 மில்லிமீட்டர் ஸ்டட். 12 மில்லிமீட்டர் ஸ்டடில் போய் 204 வைத்தால் ஸ்டட் வீணாகும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், வீல் செய்தவர்கள் தனி அளவு கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு. இறுக்குவதற்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் மட்டும்.

முறை இப்படி: ஜாக்கியில் வண்டி இருக்கும்போதே ஆறு நட்டையும் விரலால் முழுதாகத் திருகுங்கள். விரலால் போகவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது, உடனே நிறுத்த வேண்டும். ஒன்றுக்கு எதிரே உள்ளது என்ற வரிசையில் பாதி அளவு, பிறகு டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, அதே வரிசையில் முழு அளவு. 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் வீல் ஆறியிருக்கும்போது மறுபடியும் டார்க் ரெஞ்ச். புது வீலில் பெயின்ட் படலமும் இருக்கையும் படிந்து அமுங்கும், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஆறுநட்டு

நன்றி ஐயா. இன்று முதல் எண்ணெய் கிடையாது. மூடிய தலை நட் வாங்கினால் ஏதாவது பார்க்க வேண்டுமா?

நெடுவழி

கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டட் நீளமாகவும் நட்டின் உள் ஆழம் குறைவாகவும் இருந்தால், ஸ்டடின் நுனி மூடியில் போய் முட்டும். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், ஆனால் வீலை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். இதை விட ஆபத்தான பொய் கிடையாது. எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு: குறைந்தது ஸ்டடின் விட்டம் அளவுக்கு மரை பிடிக்க வேண்டும். எம்12-க்கு 1.5 பிட்ச் என்றால் 12 மில்லிமீட்டருக்கு 8 முழுச் சுற்று. எம்14-க்கு 9-க்கு மேல். வீலை மாட்டி, நட் இருக்கையைத் தொடும் வரை எத்தனை சுற்று ஏறுகிறது என்று விரலால் எண்ணிப் பாருங்கள். ஹப் முகத்தில் தட்டையான ஸ்பேசர் தகடு வைப்பவர்கள் இழப்பது இந்தச் சுற்றுகளைத்தான். ஹப் மேடும் மறைந்துவிடும். அந்தத் தகடு எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

லோடுவண்டி

எல்லோரும் நட்டையே பேசுகிறீர்கள், வீல் எவ்வளவு எடை தாங்கும் என்று யாருமே கேட்கவில்லை. பிக்கப் என்றால் லோடு ஏற்றத்தானே?

கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் பின் அச்சின் அதிகபட்ச எடை இருக்கும். அதில் பாதியை வீலும் டயரும் தனித்தனியாகத் தாங்க வேண்டும். 1,900 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 950. வீலின் பின்பக்கம் அல்லது ஆரத்தில் தாங்கும் எடை வார்க்கப்பட்டிருக்கும். கார்களுக்கான வீல் 650, 690 என்று இருக்கும். ஓட்டை பொருந்துகிறது என்று அதைப் பிக்கப்பில் போடுகிறார்கள். வெறும் வண்டியில் எதுவும் தெரியாது. லோடு ஏற்றிக் குழியில் இறங்கும்போது ஆரம் விரிசல் விடும். ஜப்பானியத் தர முத்திரையில் 'ஜே.டபிள்யூ.எல்.' பயணிகள் கார்களுக்கு, 'ஜே.டபிள்யூ.எல்.-டி' டிரக், பஸ் அலாய் வீல்களுக்கு. பின்னால் அந்த 'டி' இருக்கிறதா என்று பாருங்கள்.

டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எடை எண் 112 என்று இருந்தால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. பழைய டயரை விட எண் குறையக் கூடாது.

மண்தடம்

லோடுவண்டி அண்ணா, பார்த்துவிட்டேன். வீலில் 1,150 கிலோ என்று வார்த்திருக்கிறது, டயர் 115. நிம்மதி. உரசல் பற்றி யாராவது சொல்லுங்கள். ஆஃப்செட் +10 என்றால் வெளியேதானே போகிறது, உள்ளே ஏன் உரச வேண்டும்?

நெடுவழி

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய வீல் 7.5 அங்குலம், பாதி 95.25 மில்லிமீட்டர். +30 கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 65.25. உள் விளிம்பு 125.25. புதியது 8 அங்குலம், பாதி 101.6. வெளியே 91.6, உள்ளே 111.6. ஆக, வெளி விளிம்பு 26 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது, உள் விளிம்பு 13.65 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. உள்ளே பிரேக் காலிப்பர் பக்கம் அநேகமாகத் தொல்லை இல்லை. ஒட்டும் பேலன்சிங் எடை காலிப்பரில் படுகிறதா என்று மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள்.

உரசல் வேறு இடத்தில். ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயர் தன் நடுவில் சுழல்வதில்லை, உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. டயர் 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளியதால் அது வரையும் வட்டம் பெரிதாகிறது. அதோடு டயரும் பெரிது: 265/65 ஆர்17 விட்டம் 776 மில்லிமீட்டர், 265/70 ஆர்17 803. ஒரு பக்கம் 13 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டும் சேர்ந்து டயரின் ஓரத்தை மட்கார்டு லைனருக்கோ மட்பிளாப்புக்கோ கொண்டுபோய்விடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரசிய இடத்தில் சாக்பீஸ் தடவி ஒரு முறை ஒடித்துப் பாருங்கள், இடம் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் பின்னால் இழுத்துக் கட்டலாம். இரும்பு என்றால் வீலைத்தான் மாற்ற வேண்டும். ஆஃப்செட் இதற்கு மேல் குறைத்தால் பியரிங் மேல் நெம்பும் விசை கூடும், ஒரு டயர் மட்டும் குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும். +10 வரை எனக்குச் சம்மதம். மைனஸ் ஆஃப்செட் வீலை லோடு ஏற்றும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறுநட்டு

என் நண்பர் ஒருவர் எஃப்-150-இல் 139.7 வீலை மாட்டப் பார்த்தார். அதற்கு 135. வித்தியாசம் 4.7 மில்லிமீட்டர்தான், "இறுக்கினால் வந்துவிடும்" என்றார். வரவில்லை. நல்லவேளை, ஒரு ஸ்டட் வளைந்ததோடு போயிற்று.

பழையபட்டறை

ஆறு ஓட்டை என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைப்பதால் வருவது. பழைய நிசான் டி40 நவாராவும் ஆறு ஓட்டைதான், ஆனால் 114.3. ஆறு ஓட்டையில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு நேராக அளக்கலாம். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை கிடையாது, அடுத்தடுத்த இரண்டின் தூரத்தை 0.588-ஆல் வகுக்க வேண்டும்.

மண்தடம் தம்பி, புது நட் வந்ததும் அப்படியே மாட்டாதீர்கள். வீலைக் கழற்றி ஒவ்வொரு கூம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். நசுங்கிய வளையம் நகத்தில் தட்டுப்பட்டால் அந்த வீலை ஒதுக்கிவிடுங்கள். ஹப் முகத்தில் துருவைக் கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியும் வரை எடுங்கள். ஸ்டடில் மெல்லிய தகட்டுக் கிளிப் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள், வீல் முழுதாகப் படியாமல் தடுக்கும். நட் தளர்ந்து ஓடிய அந்த முன் இடது பக்கத்து ஆறு ஸ்டடையும் மாற்றச் சொல்வேன். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதும் தொடரும்.

லோடுவண்டி

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஸ்டெப்னி பழைய 776 மில்லிமீட்டர் டயர். அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவில் ஓட்டக் கூடாது, முன் பின் அச்சு வேறு வேறு வேகத்தில் சுற்றி டிரைவ் லைன் முறுக்கிக்கொள்ளும். பின்னால் போட்டால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். மெதுவாக, பஞ்சர் ஒட்டும் இடம் வரை மட்டும்.

மண்தடம்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வண்டியை நிறுத்தியே வைத்திருந்தேன்.

முன் இடது வீலில் மூன்று கூம்பில் நகம் தட்டும் அளவுக்கு வளையம் விழுந்திருந்தது. அந்த வீலை ஒதுக்கிவிட்டுப் புதிது ஒன்று வாங்கினேன். மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. அந்த ஹப்பின் ஆறு ஸ்டடும் மாற்றியாயிற்று. கழற்றிய ஸ்டடில் ஒன்றின் மரை நடுவில் இழுபட்டு, புது நட்டே அதில் பாதிக்கு மேல் ஏறவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அந்த வாரம் குழந்தைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போயிருந்தேன்.

60 டிகிரி கூம்பு நட் 24, அலுமினிய ரிங் 4. நட் 9 சுற்று ஏறுகிறது. பின் வலது ஹப்பில் துரு தட்டுத் தட்டாக இருந்தது, சுத்தம் செய்தேன். ரிங்கோடு வீலை ஹப்பில் தள்ளியபோது அது தானாக நின்றது, கையை எடுத்த பிறகும் தொங்கவில்லை. முன்பு மாட்டியபோது அப்படி இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

100 கிலோமீட்டர் ஓட்டி டார்க் ரெஞ்ச் வைத்தேன். 24-இல் நான்கு நட் கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு 100 கழித்து ஒன்றும் நகரவில்லை. நடுக்கம் 95 வரை சுத்தமாக இல்லை. அதற்கு மேல் சீட்டில் லேசாக ஒரு அதிர்வு, ஸ்டீயரிங்கில் இல்லை.

உரசியது மட்பிளாப்பின் உள் ஓரம். பின்னால் இழுத்து ஒரு கிளாம்ப் போட்டேன், போய்விட்டது.

பழையபட்டறை

சீட்டில் தெரிந்தால் பின் வீல். இப்போது பேலன்சிங் செய்யுங்கள், இந்த முறை பலன் தெரியும். பழைய கம்பெனி நட் 24-ஐயும் தூக்கிப் போடாதீர்கள். என்றாவது பழைய அலாய் வீலை மாட்டினால் அதற்கு அதுதான் சரி. ஸ்டெப்னி இரும்பு வீல்தானே? அதன் ஓட்டையில் கூம்பு இருக்கும், உங்கள் புது நட் அதில் உட்காரும். ஒரு முறை ஸ்டெப்னியை இறக்கி, மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண்தடம்

பின் வலது வீலில் 30 கிராம் எடை விழுந்திருந்தது, ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. திரும்பப் பேலன்ஸ் செய்த பிறகு 110 வரை ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்லை. ஸ்டெப்னியையும் இறக்கி மாட்டிப் பார்த்தேன், கூம்பு நட் நன்றாக உட்காருகிறது. பழைய நட்டை ஒரு துணிப் பையில் கட்டி, மேலே 'பழைய அலாய் வீலுக்கு மட்டும்' என்று எழுதி ஜாக்கியோடு வைத்துவிட்டேன்.